மொட்டையக்கா விட்டுவைத்த மரம்

மொட்டையக்காவின் தலையில் முடிக்குப் பஞ்சமே இல்லை. கொண்டை போட்டால் ஒரு தேங்காய் அளவுக்கு வரும். பட்டப்பெயர் வந்தது அவர் பார்த்த வேலையால். மண் அணையின் வெளிச்சரிவில் புல்லைத் தவிர வேறெதுவும் வளரக் கூடாது. ஒரு செடி தலைகாட்டினாலும் வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கிய குழியில் களிமண்ணை அடைத்து, கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தி, மேலே புல்லைப் பதிக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் பெண்கள் கூட்டத்துக்கு அவர்தான் மேஸ்திரி. "சரிவு மொட்டையா இருக்கணும்டி, மொட்டையா!" என்று காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம்வரை அதே பாட்டுதான். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பெண்கள் அவர் பெயரையே மாற்றிவிட்டார்கள்.

அணை என்றால் பலருக்கும் பெரிய கல்சுவர்தான் நினைவுக்கு வரும். இந்த அணையில் கல் நடுவில் கொஞ்சம்தான், மதகுகள் இருக்கும் இடத்தில் மட்டும். மற்றபடி இரண்டு குன்றுகளுக்கு நடுவே படுத்துக்கிடக்கும் நீண்ட மண்மேடு அது. ஜேசிபி எல்லாம் வராத காலம். மனிதர்கள் கூடை கூடையாக மண் சுமந்து கொட்ட, உருளைகள் மிதித்து மிதித்து இறுக்கிய மேடு. மொட்டையக்காவின் அம்மா அதில் மண் சுமந்தவர். கூலியாட்களின் குடிசை வரிசையில்தான் மொட்டையக்கா பிறந்தார். "நான் பொறந்த இடத்துல இப்ப கெண்டை மீன் குடும்பம் நடத்துது" என்று ஏரியைக் காட்டிச் சொல்வார்.

கட்டி முடித்த பிறகு அந்த ஏரியை நம்பி நிறையப் பேர் வந்து சேர்ந்தார்கள். நகரத்துக் குழாய்களுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் போகிறது. மதகின் அடியில் ஒரு சின்ன மின் நிலையம் ஓடுகிறது. மீன் குத்தகைக்காரர்கள் காலையில் வலை இழுக்கிறார்கள். விடுமுறை நாளில் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்து கரைமேல் நின்று காற்று வாங்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கால்வாய் ஓடும் வழியெல்லாம் வருஷத்துக்கு இரண்டு போகம் நெல் விளைகிறது. முதல் போகம் மழையைப் பிடித்துக்கொண்டு எப்படியாவது தேறிவிடும். இரண்டாம் போகம் முழுக்க முழுக்க அணைத் தண்ணீர்தான்.

இத்தனையும் ஒரு மண்மேட்டின் கெட்டித்தனத்தில் நிற்கிறது. மண்மேட்டுக்கு எதிரிகள் சின்னவை: எலி, நண்டு, கறையான், வேர். எலி வளையைக் கண்டால் அடைக்க வேண்டும், புற்றைக் கண்டால் தோண்ட வேண்டும். எந்த மண் அணையும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அந்தக் கசிவை அடிவாரத்தில் ஒரு சிறு வாய்க்கால் வாங்கிக்கொள்ளும். அதைப் பார்த்துத்தான் அணையின் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்வார்கள். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு மொட்டையக்கா முதல் நாளே சொல்லிவிடுவார்: "கசியிற தண்ணி தெளிவா வந்தா தூங்கலாம். கலங்கி வந்தா ஓடணும்."

வேர் எதற்கு ஆகாது என்பதையும் அவரே விளக்குவார். மரம் உயிரோடு இருக்கும்வரை வேர் மண்ணைப் பிளந்துகொண்டு உள்ளே போகும். மரத்தை வெட்டினால் வேர் செத்து அழுகும். அழுகிய இடம் குழாய் மாதிரி ஓட்டையாக நிற்கும். தண்ணீர் வழி தேடிக்கொண்டே இருப்பது. ஒரு ஓட்டை கிடைத்தால் அதற்குப் போதும். ஆகவே முளையிலேயே கிள்ளு. மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்லும் வார்த்தை, இந்தப் பெண்களுக்கு அன்றாட வேலை.

இப்படிப்பட்டவர்தான் ஒரு மரத்தை விட்டுவைத்தார்.

அவருக்கு ஒரு தங்கை. அம்மா சீக்கிரமே போய்விட்டதால் தங்கையை வளர்த்தது மொட்டையக்காதான். வீட்டில் 'சின்னது' என்றுதான் கூப்பிடுவார். சின்னதும் அதே கூட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மீன் குத்தகைக்காரரின் படகில் வலை இழுத்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டே புல் அறுத்தாள். அது நல்ல கோடை. சரிவு முழுக்க மொட்டை. ஒதுங்கி உட்கார ஒரு கையகல நிழல் கிடையாது. ஒருநாள் மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாள்.

தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைக்க ஒரு இடம்தான் இருந்தது. சரிவின் அடிவாரத்தில், பழுது வேலைக்காக ரொம்ப நாளாகக் குவித்து வைத்திருந்த கற்களை அந்த வாரம்தான் அகற்றியிருந்தார்கள். குவியலுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் ஒரு தூங்குமூஞ்சிக் கன்று ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அதன்மேல் ஒரு சேலையைப் போர்த்தி, கீழே அவளைக் கிடத்தி, முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். கண் திறந்தவள் முதலில் பார்த்தது, அக்கா கையில் இருந்த கடப்பாரையை.

"அக்கா, இத விட்டுடு. கொஞ்ச நாளைக்கு."

"சரிவுல மரமா? நல்லா கேட்ட போ."

"மரமா இது? குச்சி. சாயங்காலமானா இலையெல்லாம் மூடிக்கிட்டு தானே தூங்கிடும். உனக்கு என்ன கேடு?"

அந்தக் கூட்டத்தில் ஒரு வாய்க்காரி உண்டு. எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவர். "விடுங்கக்கா. வயித்துல இருக்கறது பொறந்ததும் அதுவே வந்து பிடுங்கிடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மொட்டையக்காவும் சிரித்துவிட்டார்.

"சரி, பிரசவம் வரைக்கும். அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது."

பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை. சின்னது மறுபடி வேலைக்கு வந்தபோது பிள்ளையைப் பாயில் போட அந்த நிழல்தான் இருந்தது. பிள்ளை உட்காரட்டும் என்றார் மொட்டையக்கா. உட்கார்ந்தது. நடக்கட்டும் என்றார். நடந்தது, ஓடியது, கசிவு வாய்க்காலில் இறங்கிக் கால் நனைத்தது. இதற்குள் மற்ற பெண்களின் பிள்ளைகளும் அந்த நிழலுக்குக் குடிவந்துவிட்டார்கள். தூங்குமூஞ்சி பெயரில்தான் தூக்கம். வளர்வதில் அதற்குத் தூக்கமே கிடையாது.

தங்கை மகள் பள்ளிக்கூடம் போன வருஷம் மொட்டையக்கா ஒருநாள் உண்மையாகவே கடப்பாரையோடு போய் நின்றார். மரம் அவர் தொடையை விடப் பருத்திருந்தது. சுற்றிலும் மண்ணைக் கொத்திப் பார்த்தார். கட்டைவிரல் பருமனில் ஒரு வேர், அடுத்து மணிக்கட்டுப் பருமனில் ஒன்று, கரையைப் பார்த்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. மோட்டார் சைக்கிளில் வந்த ஓவர்சியர் வண்டியை நிறுத்தினார்.

"என்னக்கா, காலங்காத்தால மரத்துகிட்ட சண்டை?"

"எடுத்துடணும் சார்."

"இதையா? இப்ப வெட்டினா உள்ள இருக்கற வேரு என்ன ஆகும்? புதுசா வர்றவங்களுக்கு நீங்கதான பாடம் எடுக்கறீங்க?"

"வெட்ட வேணாம் சார். தோண்டி எடுக்கணும்."

"தோண்டணும்னா ஏரியில தண்ணிய இறக்கணும். ஒரு மரத்துக்காக தண்ணிய இறக்கறேன்னு மேல போய் நான் சொன்னா என்னைத்தான் இறக்குவாங்க. அடிவாரத்துலதான இருக்கு, விடுங்க. என் வண்டி சீட்டாவது சுடாம இருக்கும்."

வண்டியை நிழலில் நிறுத்திவிட்டுப் போனார். மொட்டையக்கா கொத்திய இடத்தில் மண்ணைத் தள்ளி மிதித்தார். வைத்திருந்தாலும் தப்பு, வெட்டினாலும் தப்பு என்ற இடத்துக்கு அது வந்துவிட்டது அன்றைக்கு அவருக்குப் புரிந்தது. ஓவர்சியருக்கும் புரிந்துதான் இருந்தது. புரிந்தவர்கள் இருவரும் அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

மரம் பெரிய மனிதராகிவிட்டது. ஐஸ் விற்பவர் அதன் அடியில் கடை போட்டார். ஆய்வுக்கு வந்த அதிகாரிகளுக்கு அதன் அடியில்தான் நாற்காலி போட்டார்கள். ஒரு தடவை மேலிடத்திலிருந்து ஒரு தகரப் பலகை வந்தது: 'அணைச் சரிவில் மரம், செடி வளர்ப்பது தண்டனைக்குரிய குற்றம்.' பலகை நட வந்த ஆள் இரண்டு மூன்று இடத்தில் குழி தோண்டிப் பார்த்தார். மொட்டையக்கா கூட்டம் இடித்து இறுக்கிய மண்ணில் கடப்பாரை இறங்கவில்லை. சுற்றும்முற்றும் பார்த்தார். ஆணி அடிக்க வாகாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். மரத்திலேயே அடித்துவிட்டுப் போய்விட்டார். "மரத்துக்குப் படிக்கத் தெரியல, பொழச்சுது" என்றார் அணையின் வாயிற்காவலாளி.

சின்னது அதற்குள் அணை வேலையை விட்டிருந்தாள். அவள் கணவருக்குச் சித்தப்பா வழியில் கொஞ்சம் நிலம் வந்தது. கால்வாயின் கடைக்கோடியில், எல்லோரும் எடுத்தது போக மிச்சம் வந்து சேரும் இடம். "கடைமடைன்னா ஊரே குளிச்சு முடிச்ச தண்ணிதான்" என்று அவர் கேலி செய்வார். ஆனாலும் சொந்த மண். இருவரும் அதில் உழுதார்கள். முதல் போகம் வீட்டுச் சாப்பாட்டுக்கு, இரண்டாம் போகம் மற்ற எல்லாவற்றுக்கும் என்று அவர்கள் வாழ்க்கை அமைந்தது.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. ஏரி விளிம்புவரை நிறைந்தது. முதல் போகத்து அறுவடை முடியும் நேரத்தில், அணைப் பாதுகாப்பு ஆய்வுக்கு ஒரு குழு வந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் இன்ஜினியர். மரத்தில் இருந்த பலகையைப் படித்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. குனிந்து அடிமரத்துக்குக் கீழே பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. புல் அங்கே ஈரமாக இருந்தது. மழை விட்டு வாரக்கணக்கில் ஆகியும் மண் கால் வைத்தால் அமுங்கியது. வாய்க்காலில் ஒரு கண்ணாடிக் குவளையால் தண்ணீரை மொண்டு வெயிலில் தூக்கிப் பிடித்தார். லேசாகக் கலங்கல்.

"இந்த மரத்த யாரு விட்டது?"

அந்தப் பழைய ஓவர்சியர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். புது ஓவர்சியர் வானத்தைப் பார்த்தார். பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.

"நாந்தாம்மா" என்றார் மொட்டையக்கா.

"ஏன்?"

"நிழலுக்கு."

இன்ஜினியர் திட்டவில்லை. கரையை விட்டுத் தள்ளி இருந்த வெற்றிடத்தைக் கையால் காட்டினார். "அங்க நாலு கம்பி நட்டு மேல தகரம் போட்டா ஒரு கொட்டகை. ஒரு நாள் வேலை. கேட்டிருக்கலாமே?"

வாய்க்காரிதான் பதில் சொன்னார். "கேக்கணும்னு தோணலைங்கம்மா." அந்தப் பெண்மணி வாயிலிருந்து கேலி கலக்காமல் வந்த வாக்கியம் அநேகமாக அது ஒன்றுதான்.

என்ன செய்ய வேண்டும் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. ஏரியில் பாதிக்கு மேல் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். வேரோடு மரத்தைத் தோண்டி எடுத்து, குழியில் களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்க வேண்டும். மிஞ்சும் தண்ணீர் நகரத்துக்குக் குடிக்க மட்டும். இரண்டாம் போகத்துக்குச் சொட்டுக்கூடக் கிடையாது. முறையான அறிவிப்புக்கு மேலிடத்து உத்தரவு வர நாளாகும். பாதுகாப்பு கருதித் தண்ணீரை மட்டும் உடனே திறந்துவிடச் சொல்லிவிட்டார்கள்.

கிளம்பும் முன் இன்ஜினியர் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். "அணை உடையப்போவுதுன்னு யாரும் கடைத்தெருவுல கிளப்பிவிடாதீங்க. ஜனங்க தட்டுமுட்டுச் சாமானோட ஓடுவாங்க. ஆனா கால்வாய்ப் பக்கம் உங்க சொந்தக்காரங்க இருந்தா, இந்தத் தடவை ரெண்டாம் போகத்துக்கு நாத்து விட வேணாம்னு சொல்லிடுங்க. இன்னைக்கே சொல்லிடுங்க."

மற்ற பெண்கள் அன்றே சொல்லிவிட்டார்கள். மொட்டையக்கா வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தார். அவர் கணவர் மதகுகளுக்கு கிரீஸ் போடுகிறவர். அதிகம் பேசாதவர்.

"சின்னதுக்குப் போன் போட்டியா?"

"போன்ல எப்படிச் சொல்றது? நேர்ல போறேன்."

"எப்ப?"

"நாளைக்கு."

நாளைக்கு என்பது இரண்டு மூன்று நாளைக்குப் பிறகுதான் வந்தது. சொல்ல வேண்டியது சின்ன விஷயம்தான், நாற்று விடாதே என்பது. ஆனால் ஏன் என்று கேட்பாள். மரம் என்று சொல்ல வேண்டும். எந்த மரம் என்று கேட்கவே மாட்டாள். அவளுக்குத் தெரியும். அதுதான் அவரைக் கிளம்ப விடவில்லை.

பேருந்தை விட்டு இறங்கி வரப்பில் நடந்தபோது கால்வாயில் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அணை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெளியே தள்ளிய தண்ணீர். அறுவடை முடிந்த வயல்களுக்கு அது அப்போது எதற்கும் உதவாது, நேரே கடலுக்குப் போகும். சின்னதுக்கு அது தெரியாது. வாசலிலேயே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாக்கா! பாத்தியா? உங்க ஆளுங்களுக்கு இந்த வருஷம்தான் புத்தி வந்திருக்கு. கேக்காமலே தண்ணி விட்டிருக்காங்க."

தங்கை கணவர் ஒரு பீப்பாய்த் தண்ணீரில் மிதந்த விதை மூட்டையை மறுபடி அமுக்கிக்கொண்டிருந்தார். "மாமியார் வீட்டுப் பக்கத்துலேர்ந்து எனக்கு வந்த முதல் மரியாதை இதுதான்க்கா" என்றார். "சந்தோஷத்துல பக்கத்து வயலையும் இந்தப் போகத்துக்குக் குத்தகைக்குக் கேட்டுட்டேன். கடைமடைக்காரன் ஒரு தடவையாவது பெரிய ஆளா நடந்துக்க வேணாமா?"

நிழலில் தூங்கி வளர்ந்த அந்தப் பெண் பிள்ளை இப்போது பெரியம்மாவை விட உயரம். "பெரியம்மா, நான் நர்சிங் சேரப்போறேன்! இந்தப் போகம் நல்லா வந்தா சேத்து விடறேன்னு அப்பா சொல்லிட்டாரு."

"விதைய ஊற வெச்சாச்சா?" என்று கேட்டார் மொட்டையக்கா.

"காலையிலயே."

"கொஞ்சம் பொறுத்திருக்கலாமே."

"எதுக்குக்கா?"

அந்த நிமிடத்தில் வாயைத் திறந்திருந்தால் நஷ்டம் ஒரு மூட்டை விதையோடு போயிருக்கும். மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒண்ணுமில்ல. வெயில் ஜாஸ்தியா இருக்கு."

"வெயில் அடிச்சா அடிக்கட்டும், அதான் தண்ணி இருக்கே!" என்றாள் சின்னது. சிரித்துக்கொண்டே தட்டு வைத்தாள். மொட்டையக்கா சாப்பிட்டார். கை கழுவினார். தங்கையோடு கால்வாய்க் கரையில் நின்று தண்ணீர் ஓடுவதைப் பார்த்தார். பேருந்தில் ஏறியதும், நாளைக்குப் போனில் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் போனை எடுத்தார். இந்நேரம் விதைத்திருப்பார்கள் என்று தோன்றியது. கீழே வைத்துவிட்டார். விதைத்துவிட்டவர்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அதற்கடுத்த நாள் நாற்று முளைத்திருக்கும். ஒவ்வொரு நாளும் சொல்ல முடியாமல் போனதற்கு அதற்கு முந்தின நாளே காரணமாக நின்றது.

ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ கடைமடைக்கு வந்தபோது நாற்று பறித்து நடும் பருவத்தில் இருந்தது. சொந்த வயலும் பக்கத்து வயலும் உழுது, உரம் போட்டு, தயாராக இருந்தன. இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் கிடையாது என்று ஆட்டோ சொல்லிக்கொண்டே போயிற்று. கால்வாயில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு இறங்கி, சேறாகி, வெடித்தது.

மரத்தைத் தோண்டிய நாள்களில் ஒன்றில் சின்னது தனியாக அணைக்கு வந்தாள். ஜேசிபி மரத்தை ஏற்கெனவே சாய்த்திருந்தது. வேர்க்கட்டி ஒரு குடிசை அளவுக்கு மண்ணோடு வெளியே கிடந்தது. பெண்கள் குழிக்குள் இறங்கிக் களிமண் இடித்துக்கொண்டிருந்தார்கள். மொட்டையக்கா மேலே ஏறி வந்தார். உடம்பெல்லாம் மண்.

"எப்ப தெரியும் உனக்கு?" என்று கேட்டாள் சின்னது.

மொட்டையக்கா முந்தானையால் முகத்து மண்ணைத் துடைத்தார்.

"நீ வீட்டுக்கு வந்தப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லத்தான் வந்தியா?"

"சொல்லத்தான் வந்தேன்டி."

"வந்த. ஆனா சொல்லல." சின்னது குரலை உயர்த்தவில்லை. குழிக்குள் கட்டைகள் இடிக்கும் சத்தம் நின்றுபோயிருந்தது. "மரத்த விட்டது எனக்காக. அத நான் எந்த வாயால கேப்பேன்? எம் புள்ள தூங்கின நிழல். ஆனா அன்னைக்கு என் வீட்டுல உக்காந்து சாப்பிட்ட. கை கழுவின. அந்தத் தண்ணிய என்கூட நின்னு பாத்த. ஒரு வார்த்த சொல்லியிருந்தா உன் நாக்கு தேஞ்சா போயிருக்கும்?"

"நீ சந்தோஷமா இருந்த. எப்படிச் சொல்றதுன்னு..."

"மரம் உன் கைய மீறி வளந்துச்சு, சரி. வாயுமா உன் கைய மீறிப் போச்சு?"

மொட்டையக்கா அவள் கையைப் பிடிக்கப் போனார். தன் கையில் இருந்த சேற்றைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சின்னது குழியை ஒரு முறை எட்டிப் பார்த்தாள். உள்ளே நின்ற பழைய தோழிகள் யாரும் நிமிரவில்லை. வாய்க்காரிகூடக் குனிந்துகொண்டு இடித்த இடத்தையே மறுபடி இடித்தார். "நல்லா இடிங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, சின்னது பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

நாற்றை ஆட்டுக்காரர்கள் ஓட்டிவந்து மேய்த்தார்கள். பக்கத்து வயல்காரருக்குப் பேசிய குத்தகைப் பணத்தைக் கொடுக்க, தங்கை கணவர் சொந்த வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஆலைகள் இருக்கும் ஒரு நகரத்துக்குக் குடும்பத்தோடு போனார். ஒரு வருஷத்துக்கு என்று சொல்லிப் போனார்கள். போகும் நாளை மொட்டையக்காவுக்குச் சொல்லவில்லை. போன பிறகு தங்கை மகள் கூப்பிட்டாள். "நானும் அம்மாகூடவே தையல் பிரிவுல சேந்துட்டேன் பெரியம்மா. நர்சிங் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." அடுத்த வருஷம் என்ற சொல்லை அத்தனை லேசாகச் சொல்லக் கேட்டதும் மொட்டையக்கா அவளை மேலே பேச விடவில்லை. "அடுத்த வருஷம்னு சொல்லாத கண்ணு. எப்படியாவது இந்த வருஷமே..." என்று ஆரம்பித்தார். "சரி பெரியம்மா, மணி அடிச்சுட்டாங்க" என்று பிள்ளை வைத்துவிட்டாள்.

கரையை விட்டுத் தள்ளி அந்த இன்ஜினியர் சொன்னபடியே தகரக் கொட்டகை வந்தது. உண்மையிலேயே ஒரே நாளில் போட்டுவிட்டார்கள். பெண்கள் அதன் அடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கோடையில் தகரம் கொதிக்கும்போது, "இதுக்கு அந்த மரமே..." என்று வாய்க்காரி ஆரம்பித்துப் பாதியில் விழுங்கிவிடுகிறார். மரம் நின்ற இடத்தில் புல் பிடித்துவிட்டது. பழகிய கண்ணுக்கு மட்டும் அந்த இடம் கொஞ்சம் இளம்பச்சையாகத் தெரியும். கசிவு வாய்க்கால் தெளிவாக ஓடுகிறது. வேலையைப் பற்றி மட்டும் எழுதினால், இது நல்லபடியாக முடிந்த ஒரு பழுதுபார்ப்பு.

அடுத்த மழைக்கு ஏரி நிறைந்தது. இரண்டாம் போகத்துக்கு மதகு திறந்த காலையில் மொட்டையக்கா கரைமேல் நின்றார். அவர் கணவர் கைகாட்டியதும் சக்கரம் சுற்றியது. கதவு எழும்பியது. தண்ணீர் நுரைத்துக்கொண்டு கால்வாய்க்குள் பாய்ந்தது. நுரை அடங்கும் முன்பே மொட்டையக்கா இடுப்பிலிருந்து போனை எடுத்தார்.

மறுமுனையில் நிறைய இயந்திரங்கள் ஒரே சமயத்தில் ஓடும் இரைச்சல்.

"சின்னது, நாந்தான். தண்ணி தொறந்தாச்சு. இப்பதான், இந்த நிமிஷம்தான். உனக்குத்தான் முதல்ல சொல்றேன்."

அங்கே யாரோ எதையோ உரக்கக் கேட்டார்கள், சின்னது "இதோ வரேன்" என்று அவர்களுக்குச் சொன்னாள்.

"கேக்குதா?"

"கேக்குதுக்கா. குத்தகைய இன்னும் மூணு வருஷத்துக்கு எழுதிக் குடுத்தாச்சு. இப்ப நெலத்தப் பாக்கறவரு நம்பர அனுப்பறேன். அவருக்குச் சொல்லு. நாத்து விடட்டும்."

"நீ நல்லா இருக்கியா?"

"வேலை நேரம்க்கா. வெச்சுடறேன்."

நம்பர் உடனே வந்தது. மொட்டையக்கா அந்த நம்பரைக் கூப்பிட்டார். ஆண் குரல் எடுத்தது.

"மதகு தொறந்துட்டாங்கங்க. சாயங்காலத்துக்குள்ள உங்க வயலுக்கு வந்துடும். விதைய ஊற வெச்சுடலாம்."

"அப்படியா! ரொம்ப சந்தோஷங்க. எனக்கு இதெல்லாம் யாரும் சொல்றதில்ல. நீங்க யாருங்க?"

கால்வாய்த் தண்ணீர் முதல் வளைவைத் தாண்டிப் போய்விட்டிருந்தது.

"அணையில புல்லு வெட்டறவங்க" என்றார் மொட்டையக்கா.